கடைசி அத்தியாயத்தை எங்களிடம் விட்டுவிடுங்கள்

இளையோருக்காகக் கிறிஸ்தவ நாவல்கள் எழுதுகிறவர்களுக்கும், அவற்றைத் திருத்தி அச்சுக்கு அனுப்புகிறவர்களுக்கும்,

வணக்கம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் உங்கள் ஆள். நாற்பதைத் தாண்டிய பிறகும், பதினாறு வயதுப் பிள்ளைகள் கதை சொல்கிற நாவல்களைத்தான் என் கை முதலில் எடுக்கிறது. அதிலும் கதைக்குள் யாராவது ஜெபிக்கிறார்கள் என்றால் இன்னும் இஷ்டம். "இந்த வயதில் இதையா படிக்கிறாய்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. "நாவல் படிக்கிற நேரத்தில் வேதம் படிக்கலாமே" என்கிறவர்களும் உண்டு. இரண்டு பேரிடமும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆகவே கீழே நான் சொல்லப்போகிற குறையை, எதிர்ப்பக்கத்து ஆள் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த வயதில் எல்லாமே முதல் தடவை. முதல் துரோகம், முதல் சாவு, ஒருவர் நம் பெயரைச் சொல்லும்போது வயிற்றில் ஏதோ புரள்வது. விசுவாசமும் அப்படித்தான். அதுவரை அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போன ஆலயத்துக்கு இனி நானாகப் போவேனா, மாட்டேனா என்கிற கேள்வி அப்போதுதான் எழும். பெரியவர்களுக்கான நாவல்கள் பலவற்றில் இந்த வழக்குக்கு எப்போதோ தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஒருவர் விசுவாசி, இன்னொருவர் விட்டுவிட்டவர், அவ்வளவுதான். உங்கள் கதைகளில் அது கண்ணெதிரே நடக்கிறது. அதற்காகத்தான் தேடிப்பிடித்துப் படிக்கிறேன்.

காதலை நீங்கள் எழுதுகிற விதமும் எனக்குப் பிடிக்கும். உங்கள் பதிப்பகங்கள் பலவற்றில் கட்டுப்பாடு உண்டு: வசைச்சொல் கூடாது, படுக்கையறைக் கதவு திறக்கக் கூடாது. இதைக் கேலி செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கதவு மூடியிருப்பதால் எழுதுகிறவர் வேறு வழி தேடியாக வேண்டும். நான் படித்த ஒரு கதையில், ஆராதனை முடிந்ததும் ஒரு பையனும் பெண்ணும் நாற்காலிகளை மடித்து அடுக்குகிறார்கள். எல்லாம் அடுக்கியாயிற்று. அவன் மேலே இருந்த ஒன்றை எடுத்து, விரித்து, சரியாக மடியவில்லை என்று சொல்லி மறுபடி மடிக்கிறான். அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். அப்புறம் அவளும் ஒன்றை எடுத்து விரிக்கிறாள். ஒரு முத்தத்தில் இவ்வளவு இருக்குமா, தெரியவில்லை.

சரி, குறைக்கு வருகிறேன். அதற்கு இன்னொரு நாவலைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம்.

தம்பி இறந்து நான்கு மாதம். பதினாறு வயது அக்கா ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருகிறாள். எல்லோரும் பாடும்போது வாயை மட்டும் அசைக்கிறாள், குரல் இல்லை. பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று, மூச்சுவிட வேண்டிய இடத்தில் சரியாக மூச்சுகூட விடுகிறாள். ஏறக்குறைய இருநூறு பக்கம் இதை இழுத்துப் பிடித்துக்கொண்டு போகிறார் எழுத்தாளர். பிறகு ஒரு ஞாயிறு, ஆர்கன் நடுவில் நின்றுபோகிறது. அந்த ஒரு வரி நேரத்தில் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது: அம்மாவும் வாயைத்தான் அசைத்துக்கொண்டிருக்கிறாள். புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் கடைசி அத்தியாயம் வந்தது. ஒரு முகாம், நடுவில் நெருப்பு. அதுவரை கதையிலேயே தலைகாட்டாத ஒரு போதகர் எழுந்து நான்கு பக்கம் பேசுகிறார். அவள் அழுகிறாள், தன்னை ஒப்புக்கொடுக்க முன்னே போகிறாள், பாடுகிறாள். அடுத்த வாரம் அம்மாவும் பாடுகிறாள். தம்பி ஏன் செத்தான் என்பதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

அவள் பாடக் கூடாதென்று நான் சொல்லவில்லை. பாடினால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பாட்டுக்கு அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார்கள். ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை என் அக்கா மகளிடம் கொடுத்தேன், அவளுக்கும் அதே வயது. திருப்பித் தரும்போது, "சித்தி, கடைசியை மட்டும் வேற யாராவது எழுதினாங்களா?" என்று கேட்டாள்.

இயேசு சொன்ன கெட்ட குமாரன் உவமை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். லூக்கா 15. சொத்தில் பங்கை வாங்கிப் போய் அழித்த இளையவன் திரும்பி வந்தாயிற்று, மோதிரம் போட்டாயிற்று, கன்றை அடித்தாயிற்று. உங்களில் பலர் கதையை அங்கேயே முடித்திருப்பீர்கள். ஆனால் வயலிலிருந்து மூத்தவன் வருகிறான். ஆட்டமும் பாட்டும் காதில் விழுகிறது, வேலைக்காரனைக் கூப்பிட்டு விசாரிக்கிறான், கோபம் வருகிறது, உள்ளே போக மறுக்கிறான். அப்பா வெளியே வந்து கெஞ்சுகிறார். அவன் மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டுகிறான். யாரும் குறுக்கே பேசுவதில்லை. தம்பி என்ற சொல் அவன் வாயில் வருவதே இல்லை, "உம்முடைய குமாரன்" என்றுதான் சொல்கிறான். அப்பா பதில் சொல்லும்போது "உன் சகோதரன்" என்கிறார். கதை அத்தோடு நின்றுவிடுகிறது. மூத்தவன் உள்ளே போனானா? லூக்கா எழுதவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில், இயேசு பாவிகளோடு சாப்பிடுகிறாரே என்று முறுமுறுத்த பரிசேயரும் வேதபாரகரும் இருந்தார்கள். உள்ளே போவதும் போகாமல் நிற்பதும் அவர்கள் பாடு என்று விட்டாயிற்று. இந்தக் கதை கையெழுத்துப் பிரதியாக உங்கள் மேசைக்கு வந்திருந்தால், "முடிவு தெளிவாக இல்லை" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருப்பீர்களோ என்று எனக்குச் சந்தேகம். வேதத்திலுள்ள யோனா புத்தகமும் ஒரு கேள்வியோடுதான் முடிகிறது. எபிரெய மொழியிலுள்ள எஸ்தர் புத்தகத்தில் தேவன் என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை. அதையும் அனுப்பிப் பார்க்க வேண்டும்.

கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ், பிள்ளைகளுக்கான நார்னியா கதைகள் ஏழையும் 1950 முதல் 1956 வரை வெளியிட்டார். கடைசிப் புத்தகத்தில், நார்னியா என்னும் மாய உலகத்துக்குப் போய்வந்த நான்கு உடன்பிறப்புகளில் அண்ணன், தம்பி, தங்கை எல்லோரும் வந்து சேர்கிறார்கள். நார்னியாவெல்லாம் சிறுவயது விளையாட்டு என்று தள்ளிவிட்ட சூசன் மட்டும் இல்லை. அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்ட ஒரு சிறுவனுக்கு 1957-ல் லூயிஸ் பதில் எழுதினார். புத்தகங்கள் அதைச் சொல்லவில்லை, அவள் திருந்த இன்னும் நிறைய நேரம் இருக்கிறது என்பதுதான் அதன் சாரம். உதட்டுச்சாயத்தை அவள் குற்றப்பட்டியலில் சேர்த்ததற்கு லூயிஸ் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு, அது வேறு கதை. ஆனால் சூசனைப் பற்றி வாசகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள் என்றால், அவர் முடிச்சை அவிழ்க்காமல் விட்டதால்தான்.

பதின்ம வயதுக்காரர்களுக்குப் பொய் சட்டென்று தெரிந்துவிடும். இளையோர் நாவலின் தொடக்கமாகப் பலரும் காட்டுகிற 'தி அவுட்சைடர்ஸ்' 1967-ல் வந்தது, எஸ். இ. ஹின்டன் அதை எழுதியபோது பள்ளி மாணவி. தன் வயதுக்காரர்களின் வாழ்க்கை புத்தகங்களில் உள்ளபடி இல்லையே என்கிற எரிச்சலில் எழுதினார். என் அக்கா மகள் கேட்ட கேள்வியில் இருந்ததும் கிட்டத்தட்ட அதே எரிச்சல்தான்.

போகிற போக்கில் இன்னொன்று. கடவுளை நம்பாத அந்தச் சிநேகிதி. ஒவ்வொரு நாவலிலும் வருகிறாள், வேடிக்கையாகப் பேசுகிறாள், நமக்கு அவளைப் பிடித்துப்போகிறது. ஆனால் அவளுக்கு வீடு இல்லை, கனவு இல்லை, மனந்திரும்புவதற்கென்றே பிறந்தவள்போல இருக்கிறாள். அவளுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள். அன்று அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

உங்கள் சங்கடம் எனக்குத் தெரியாமலில்லை. படிக்கிறது பிள்ளை, காசு கொடுக்கிறது பெற்றோர், நூலகத்தில் வைக்கலாமா என்று முடிவு செய்கிறது சபைக் கமிட்டி. கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். முகாம் நெருப்பு அவர்களுக்காகத்தான் எரிகிறது. ஆனால் அவர்கள் யாரும் அதற்கு முந்தைய இருநூறு பக்கத்தைப் படிக்கப்போவதில்லை. படிக்கிறவள் வேறொருத்தி. அவளுக்கு அந்த ஆர்கன் நின்ற நிமிடம் போதுமா, போதாதா என்று அவளிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

அந்த நாவலை அதற்குப் பிறகு இரண்டு தடவை படித்துவிட்டேன், அம்மாவும் வாயை அசைக்கிற பக்கம் வரைக்கும். அதே எழுத்தாளரின் அடுத்த புத்தகம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டேன். வந்ததும் வாங்குவேன், கடைசி அத்தியாயம் உட்பட.

இப்படிக்கு,
உங்கள் வாசகி