நீம்ரானா கோட்டையும் படிக்கிணறும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய கோட்டையை ஹோட்டலாக்கினால் அதன் வரலாறு அழிந்துவிடும் என்பவர்கள் ராஜஸ்தானின் நீம்ரானாவைப் பார்க்க வேண்டும். 1464-இல் சவுகான்கள் என்ற ராஜபுத்திர அரச குலத்தினர் கட்டத் தொடங்கிய கோட்டை அது. அரச குடும்பம் வெளியேறியபின் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. 1986-இல் அமன் நாத், பிரான்சிஸ் வாசியார்க் உள்ளிட்ட நண்பர்கள் வாங்கிச் செப்பனிட்டார்கள். 1991-இல் ஹோட்டலாகத் திறந்தார்கள். மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறும் முற்றங்கள், குறுகலான படிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அறைகள்தான் அவற்றுக்கு ஏற்ப வளைந்து கொடுத்திருக்கின்றன. இதுதான் சரியான முறை.

சரி, பக்கத்திலேயே பூமிக்குள் ஒன்பது அடுக்கு இறங்கும் பழைய படிக்கிணறு? அங்கே யாரும் அறை எடுத்துத் தங்கப் போவதில்லை. அதனால் அதைக் காக்கும் பொறுப்பை அரசுதான் முழுமையாக ஏற்க வேண்டும்.

- வாசகர், புதுக்கோட்டை