கீறல் விழுந்த கேம் டிஸ்க்: எதைத் தேய்ப்போம், எதைத் திருப்பிக் கொடுப்போம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் எங்கள் கவுண்டரில் கீறல் விழுந்த கேம் டிஸ்க்குகள் குவிய ஆரம்பித்துவிடும். சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் என்று நாலு பக்கத்திலிருந்தும் கொண்டுவருகிறீர்கள். ராணிப்பேட்டையிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு. அவ்வளவு தூரம் வந்தவரிடம் "இது ஆகாதுங்க" என்று சொல்வது எங்களுக்கும் சங்கடம்தான். கீறல் போகத் தேய்க்கும் இயந்திரம் நன்றாக இருக்க, அதை வைத்துக்கொண்டு ஏன் தேய்த்துத் தர மாட்டேன் என்கிறீர்கள் என்று சிலர் கோபித்துக்கொள்வதும் நடக்கிறது. அதனால் காரணத்தை எழுதியே வைத்துவிடுகிறோம். புறப்படுவதற்கு முன் வீட்டிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

எல்லா டிஸ்க்கும் பார்க்க ஒரே மாதிரி, 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் தட்டுதான். ஆனால் கேம் பதிந்திருக்கும் படலம் அதற்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது வகைக்கு வகை மாறும். நாங்கள் சரி என்பதும் முடியாது என்பதும் அதை வைத்துத்தான்.

சிடியில் அந்தப் படலம் படம் அச்சடித்த மேல்பக்கத்தை ஒட்டி இருக்கிறது. அதற்குக் காவல் ஒரு மெல்லிய பூச்சும் அச்சு மையும் மட்டுமே. நாம் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதோ பளபளக்கிற அடிப்பக்கத்தை! அங்கே கீறினால் கீறுவது வெறும் பிளாஸ்டிக், அதைச் சரிசெய்யலாம். மேல்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதினாலோ, ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தாலோ வெள்ளிப் படலமே பெயர்ந்து வந்துவிடும். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசிக்கண் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் எதுவும் மிச்சமில்லை என்று அர்த்தம். அதைத் தேய்க்க நாங்கள் காசு வாங்குவதில்லை. பிளேஸ்டேஷன் 1 கறுப்பு டிஸ்க்குகளும், பிளேஸ்டேஷன் 2-இல் அடிப்பக்கம் நீலமாக இருப்பவையும் இந்த ரகம்.

டிவிடி இன்னும் கொஞ்சம் தாங்கும். 0.6 மில்லிமீட்டர் தட்டு இரண்டை ஒட்டி, நடுவில் படலத்தை வைத்திருக்கிறார்கள். எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 2-இன் வெள்ளி டிஸ்க்குகள், பழைய கம்ப்யூட்டர் கேம்களில் பல, எல்லாம் டிவிடிதான். எங்கள் இயந்திரத்துக்கு ஏற்றதும் இதுவே. டிஸ்க்கைச் சுற்றவிட்டு, தண்ணீர் விட்டு நைசான உப்புத்தாளால் தேய்த்து, பிறகு பாலிஷ் போடுவோம். ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலைகளில் பஃபிங் வேலை பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், தோலுக்குச் செய்வதைத்தான் இங்கே பிளாஸ்டிக்குக்குச் செய்கிறோம். கீறலை நிரப்புவதில்லை, சுற்றியிருக்கும் பரப்பை அதன் மட்டத்துக்கு இறக்குகிறோம். அதனால் ஒவ்வொரு முறையும் டிஸ்க் கொஞ்சம் மெலியும். ஏற்கெனவே வேறு எங்காவது தேய்த்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கீறலின் திசையையும் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும் கீறல், பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் தொல்லை செய்யாது. சிடியில் தொடர்ச்சியாகச் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பதிவு அழிந்தாலும், டிஸ்க்கைப் படிக்கும் டிரைவ் கணக்குப் போட்டு மீட்டுவிடும். பதிவு இருப்பது டிஸ்க்கைச் சுற்றிச் சுற்றி ஓடும் தடத்தில். அதற்குக் குறுக்கே போகும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளியூண்டு இடத்தைத்தான் கெடுக்கிறது. வட்டமாக, தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறல்தான் எமன். எக்ஸ்பாக்ஸ் 360 ஓடிக்கொண்டிருக்கும்போது படுத்திருந்ததை நிமிர்த்தி வைத்தால் வளையம் போட்டதுபோல விழுமே, அதுதான். ஆழம் குறைவாக இருந்தால் முயன்று பார்ப்போம். நகத்தால் தடவும்போது நகம் மாட்டிக்கொண்டால் கஷ்டம்.

இனி ப்ளூரே. பிளேஸ்டேஷன் 3, 4, 5, எக்ஸ்பாக்ஸ் ஒன் எல்லாமே இதுதான். இதில் படலம் அடிப்பக்கத்திலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதைக் காக்க அந்த அடிப்பக்கத்தில் ஒரு கெட்டியான பூச்சு. இயந்திரத்தில் வைத்தால் முதலில் போவது அந்தப் பூச்சு, அடுத்து கேம். ஆகவே ப்ளூரே டிஸ்க்கை நாங்கள் தேய்ப்பதில்லை, எவ்வளவு கொடுத்தாலும் சரி. ஆனால் அதே பூச்சால் இது லேசில் கீறுவதும் இல்லை. ரீட் ஆகவில்லை என்று வரும் ப்ளூரேயில் பல, விரல் எண்ணெயும் தூசியும் படிந்தவைதான். கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். வேறு டிஸ்க்குகளும் ஓடவில்லை என்றால் கோளாறு கன்சோலின் (டிஸ்க் போட்டு விளையாடும் பெட்டியின்) லென்ஸில் இருக்கலாம்.

டூத்பேஸ்ட் வைத்தியம் பற்றிக் கேட்காதவர் இல்லை. அதில் இருக்கும் நைசான துகள் சிடி, டிவிடியில் மேலோட்டமான கோடுகளைக் கொஞ்சம் மழுக்கும், உண்மைதான். ப்ளூரேயில் வேண்டவே வேண்டாம். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டும் எந்த டிஸ்க்குக்கும் ஆகாது, பிளாஸ்டிக்கே வெளுத்து வெடித்துவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் கார் டேஷ்போர்டில் விட்டு வளைந்துபோன டிஸ்க்கையும் நிமிர்த்த வழியில்லை. அந்த வெயில் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா?

சில சமயம் டிஸ்க்கே தேவைப்படாது. கம்ப்யூட்டர் கேமின் பெட்டிக்குள், ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் பதிவு செய்யும் கீ எண் இருந்து, அதை உங்கள் கணக்கில் சேர்த்திருந்தால் டிஸ்க் தூளானாலும் கவலையில்லை, இறக்கிக்கொள்ளலாம். இன்னொன்று: 2000-களின் தொடக்கத்தில் வந்த பல கேம்களில் சேஃப்டிஸ்க் என்ற திருட்டுத் தடுப்பு இருந்தது. விண்டோஸ் 10 அதை ஏற்பதே இல்லை. கீறலே இல்லாத டிஸ்க்கும் அதில் ஓடாது, அதற்கு பாலிஷ் போட்டு என்ன பயன்?

பிளேஸ்டேஷன் 4-க்கு மாற்று டிஸ்க் வாங்குவதென்றால் நீங்கள் விளையாடிச் சேமித்தது கன்சோலுக்குள்ளேயே இருக்கும். ஆனால் வேறு நாட்டுப் பதிப்பு வாங்கினால் பழைய சேமிப்பு சேராமல் போகலாம். பெட்டியின் முதுகில் சியுஎஸ்ஏ (CUSA) என்று தொடங்கும் எண்ணை ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் பழைய டிஸ்க் எடுத்துத் தருவோம்.

நகல் போட்டுத் தரச் சொல்கிறவர்களுக்கு: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 52-ஆவது பிரிவு, முறையாக வாங்கி வைத்திருப்பவர் சேதத்துக்குப் பாதுகாப்பாகத் தன் உபயோகத்துக்கு மட்டும் காப்பு நகல் எடுக்க இடம் தருகிறது. அது உங்களுக்கான சலுகை. நண்பரிடம் இரவல் வாங்கிய டிஸ்க்கை எங்களிடம் தந்து நாலு காப்பி கேட்டால் முடியாது.

டிஸ்க்கை முதலில் உங்கள் கண்முன்னே போட்டுப் பார்ப்போம். சிடி, டிவிடி தேய்க்க 80 ரூபாய், அதுவும் ரீட் ஆனால் மட்டும். வரும்போது டிஸ்க்கை பேப்பரில் சுற்றாமல் அதன் பெட்டியிலேயே போட்டுக் கொண்டுவாருங்கள். உள்ளே இருக்கும் கீ அட்டையையும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை கடை சாத்தியிருக்கும்.

இப்படிக்கு,
கடையிலிருந்து
வேலூர்