கதாநாயகியின் கையில் எந்தத் துப்பாக்கி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பிதழின் துப்பறியும் தொடர்களில் பெண் காவல் அதிகாரிகளும் பெண் துப்பறிவாளர்களும் முதன்மைப் பாத்திரங்களாக வரத் தொடங்கியிருப்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது. காவல்துறையின் ஆயுதக் கிடங்கில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அப்பெண்களின் கையில் எழுத்தாளர்கள் கொடுக்கும் துப்பாக்கியைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். பாத்திரத்தின் ஊர், படிப்பு, பேச்சு வழக்கு ஆகியவற்றை அத்தனை கவனத்தோடு அமைக்கும் எழுத்தாளர்கள், ஆயுதம் என்று வந்தவுடன், பெண்தானே என்று உள்ளங்கைக்குள் அடங்கும் ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள். இல்லையென்றால், அவளுடைய துணிச்சலைக் காட்டுவதற்காக இரண்டு கிலோ எடையுள்ள டெசர்ட் ஈகிள் என்ற பெரிய பிஸ்டலைத் தூக்க வைக்கிறார்கள்.

அவள் யார் என்பதிலிருந்துதான் இந்தத் தேர்வு தொடங்க வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி 9 மி.மீ. குழல் விட்டமுள்ள பிஸ்டல் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. பொதுமக்களுக்குச் சாதாரணமாக அதற்கு உரிமம் கிடைக்காது. தனியார் துப்பறிவாளர் என்பதற்காகச் சட்டம் யாருக்கும் தனிச் சலுகை தருவதில்லை. அவளும் மற்றவர்களைப் போலவே மாவட்ட ஆட்சியரிடமோ, மாநகரமானால் காவல் ஆணையரிடமோ விண்ணப்பித்து, .32 (அங்குலத்தில் குழலின் விட்டம்) ரிவால்வர், அதாவது தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும் துப்பாக்கி, அல்லது .32 பிஸ்டல் போன்ற தடைசெய்யப்படாத வகைகளைத்தான் வைத்துக்கொள்ள முடியும். ஆகவே, அத்தகைய ஒருத்தி 9 மி.மீ. வகையான கிளாக் 17 பிஸ்டலை எடுத்து நீட்டும்போது, அது அவளுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தே தீரும். அந்தக் கேள்வியையே கதையாக்க எழுத்தாளர் விரும்பினால் அது நல்ல கதைதான். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை உரிமமின்றி வைத்திருப்பதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டுகள் என்பதால், அவள் எடுக்கும் ஆபத்து எவ்வளவு பெரிது என்பதும் வாசகருக்குப் புரியும்.

பெண்ணுக்குச் சிறிய துப்பாக்கியே ஏற்றது என்ற எண்ணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2014ஆம் ஆண்டில் கான்பூர் பீல்டு கன் தொழிற்சாலை, பெண்களை மனத்தில் வைத்து 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. எடை சுமார் 500 கிராம். அதே கான்பூரில் தயாராகும் வழக்கமான .32 ரிவால்வரோ ஏறத்தாழ 700 கிராம். சுமந்து செல்வதற்கு இலேசானது நல்லதுதான். ஆனால் ஒரே வகைத் தோட்டாவைச் சுடும்போது, எடை குறைந்த துப்பாக்கி கையை அதிகமாக உதைக்கும். குழல் குட்டையானால், குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் குறைந்து, கையின் சிறு நடுக்கமும் இலக்கில் பெரிய பிழையாகிவிடும். சிறிய துப்பாக்கி தேர்ந்த கைக்கு உரியதே தவிர, பழகாத கைக்கு எளியதன்று.

உடல்பலம் என்பதும் இங்கே தேவைக்கு மேல் பேசப்படுகிறது. பிஸ்டலின் நகரும் மேற்பகுதியான ஸ்லைடைப் பின்னிழுப்பது தோள் வலிமையால் நடப்பதில்லை. ஒரு கை ஸ்லைடை இறுகப் பிடிக்க, மறு கை பிடியை முன்னே தள்ளினால் போதும். உத்தரப் பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்தைச் சேர்ந்த சந்திரோ தோமர் அறுபது வயதைக் கடந்த பிறகே துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பதக்கங்கள் வென்றார். உண்மையில் பார்க்க வேண்டியது கையின் அளவைத்தான். பிடியைச் சரியாகப் பற்றிய நிலையில் ஆள்காட்டி விரல் விசையை (டிரிகரை) இயல்பாக எட்ட வேண்டும். இரட்டை வரிசையில் தோட்டாக்கள் அடுக்கப்படும் தடித்த பிடி, சிறிய கை உள்ள எவருக்கும், ஆணாயினும், இடைஞ்சலே.

காவல் அதிகாரியான கதாநாயகிக்கு என் தேர்வு, இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் 9 மி.மீ. 1ஏ பிஸ்டல். பிரௌனிங் ஹை-பவர் என்ற பிஸ்டலின் வடிவமைப்பைப் பின்பற்றிய இதன் மேகசினில் (தோட்டாப் பெட்டியில்) 13 தோட்டாக்கள் கொள்ளும். தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியலான ஹேமர் பின்னிழுக்கப்பட்டிருந்தால் மட்டுமே விசை வேலை செய்யும் என்பதால், உறையிலிருந்து எடுப்பதற்கும் சுடுவதற்கும் இடையே அவள் கை செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பதற்றமான காட்சியில் அந்த ஒரு நொடி எழுத்தாளருக்குப் பெரிய கொடை. பாதுகாப்பு நெம்புகோல் இடப்பக்கத்தில் மட்டுமே இருப்பதால், அவள் இடக்கைப் பழக்கம் உள்ளவளாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும்.

சாதாரண உடையில் செல்பவள் அதை எங்கே வைத்திருக்கிறாள் என்பதையும் எழுதுங்கள். சேலை மடிப்பில் ஒரு கிலோவை நெருங்கும் இரும்பு நிற்காது. இடுப்பில் உறுதியான பெல்ட் வேண்டும், அல்லது கைப்பையில் தனி அறை வேண்டும். கைப்பை என்றால், எடுப்பதற்கு நேரம் ஆகும். பை பறிபோனால் ஆயுதமும் பறிபோகும்.

இறுதியாகச் சில பிழைகள். கிளாக் பிஸ்டலில் கட்டைவிரலால் தள்ளும் பாதுகாப்பு நெம்புகோல் கிடையாது. வெளியே தெரியும் ஹேமரும் கிடையாது. ரிவால்வர் காலித் தோட்டாக்களைத் தானாக வெளியே எறியாது. உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியே ஓசை வெளியேறிவிடுவதால், வழக்கமான ரிவால்வரில் சைலன்சர் பொருத்திப் பயனில்லை. இப்போது வெளிவரும் தொடர்கள் நூல் வடிவம் பெறுவதற்கு முன் எழுத்தாளர்கள் இவற்றைத் திருத்திக்கொள்ளுமாறு தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.