நீவி விடுபவள் எழுதும் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அமெரிக்கச் செய்திப் பக்கத்தில் எங்கள் வட்டார ஆஸ்டியோபதி மருத்துவர் சங்கத்தைப் பற்றி நான்கு வரி போட்டிருந்தீர்கள். நன்றி. முதல் மூன்று வரிகளில் ஒரு குறையும் இல்லை. சங்கத்தில் உறுப்பினர்கள் பெருகியிருப்பது உண்மைதான். சந்தா கட்டி, கூட்டத்துக்கும் போய் வருகிறவள் சொல்கிறேன். நான்காவது வரிதான் தொண்டையில் நிற்கிறது: “மருந்தில்லா எலும்பு வைத்தியத்தின் மீது மக்களுக்கு மோகம் பெருகுவதையே இது காட்டுகிறது.”

இதழ் வந்த அன்று பகல் ஒரு மணிக்குள் நான் எழுதிய மருந்துச் சீட்டுகள் பதினேழு. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, ஒரு நிமோனியா. ஒரே ஒருவருக்குத்தான் கழுத்தில் கை வைத்தேன். மருந்தில்லா மோகத்துக்கு என் பங்களிப்பு அவ்வளவே.

ஆஸ்டியோபதி மருத்துவர் பெறும் பட்டமான டி.ஓ. என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும், இங்கே வழக்கமான மருத்துவப் பட்டமான எம்.டி.க்கு உள்ள அதே உரிமம். மருந்து எழுதலாம், கத்தியும் பிடிக்கலாம். நான்கு வருடப் படிப்பு, பிறகு ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சி. அதற்கு மேல் சுமார் 200 மணி நேரம், தசையையும் மூட்டையும் முதுகெலும்பையும் கையாலேயே சோதித்துச் சரிசெய்யும் பயிற்சி. டிரம்ப்புக்குக் கோவிட் வந்தபோது மருத்துவமனை வாசலில் நின்று நிருபர்களிடம் பேசினாரே அவருடைய மருத்துவர் ஷான் கான்லி, அவர் டி.ஓ. பைடனைக் கவனித்துக்கொண்ட கெவின் ஓகானரும் டி.ஓ. பிரிட்டனில் ஆஸ்டியோபத் என்றால் கதை வேறு. அங்கே அவர்கள் கைச்சிகிச்சை மட்டும் செய்பவர்கள், மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். உங்கள் உதவி ஆசிரியர் அந்த நாட்டு விளக்கத்தை எடுத்து இந்த நாட்டுச் செய்தியில் ஒட்டிவிட்டார் போலும். அவருக்கு என் அனுதாபம்.

இதெல்லாம் எனக்குப் புதிதும் அல்ல. என் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் ‘எம்.டி.’ என்று அச்சாகியிருந்தது. “என்ன மாமா இது?” என்று கேட்டேன். “அச்சுப் பிழைம்மா” என்றார் மாமனார். ரெண்டு எழுத்துமா பிழை? கோயில் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எத்தனை முறை கேட்டிருப்பார், “ஏம்மா, எம்.டி. கிடைக்கலையா?” என்று. வாயில் சோறு இருந்ததால் தப்பித்தார். ரெசிடென்சிக்கு விண்ணப்பித்தபோது எங்கள் டி.ஓ. தேர்வு போதாது, எம்.டி.க்காரர்களின் தேர்வையும் எழுது என்றார்கள். இரண்டையும் எழுதினேன், இரண்டுக்கும் பணம் கட்டினேன், இரண்டிலும் தேறினேன். அப்புறமும் ஒரு மருத்துவமனையின் பெயர்ப் பலகையில் பட்டத்துக்கான இடத்தைக் காலியாக விட்டார்கள். அச்சகத்தில் அந்த எழுத்து இல்லையாம்.

இந்த இரண்டு எழுத்து யாரும் எங்கள் தலையில் கட்டியது அல்ல. ஆஸ்டியோபதியைத் தொடங்கி வைத்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1864-ல் மூளைக்காய்ச்சலுக்கு மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். பாதரசமும் ரத்தம் வடிப்பதும் வைத்தியம் என்றிருந்த காலம் அது. 1892-ல் மிசூரியின் கர்க்ஸ்வில்லில் அவர் தொடங்கிய கல்லூரிக்கு எம்.டி. பட்டம் தரவே அனுமதி இருந்தது. வேண்டாம், டி.ஓ.தான் என்றார் அந்தப் பிடிவாதக்காரர். மருந்தே கூடாது என்ற அவருடைய பேச்சை நாங்கள் கைவிட்டு எத்தனையோ தலைமுறை ஆயிற்று. உங்கள் பக்கத்தில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

சங்கத்தில் ஆள் சேருவது எங்களுக்கு ஏன் பெரிய விஷயம் என்று உங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கலிஃபோர்னியாவைச் சொல்லியிருப்பேன். 1961-ல் அந்த மாநிலத்து டி.ஓ. சங்கம் எம்.டி. சங்கத்தோடு கலந்துபோனது. 65 டாலர் கட்டினால் டி.ஓ.வை எம்.டி.யாக மாற்றித் தந்தார்கள். சுமார் 2,000 பேர் மாற்றிக்கொண்டார்கள். மறு ஆண்டு வாக்கெடுப்பு நடத்தி, இனிப் புதிதாக யாருக்கும் டி.ஓ. உரிமம் கிடையாது என்று கதவையும் சாத்தினார்கள். 1974-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அது திறந்தது. (என் மாமனார் அந்த 65 டாலரைக் கூடக் கட்டவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.)

சங்கத்தையும் நான் விடமாட்டேன். கணக்கில் மாணவர்களையும் சேர்த்துக் காட்டுவார்கள். ரெசிடென்சி முடிந்ததும் பாதிப் பேர் காணாமல் போவார்கள். 2020-லிருந்து எம்.டி., டி.ஓ. இருவருக்கும் ரெசிடென்சி ஒரே குடையின் கீழ் வந்துவிட்டது. இன்று ஒருவர் எங்கள் சங்கத்தின் வாசலையே மிதிக்காமல் முழுப் பணிக்காலத்தையும் ஓட்டிவிடலாம். அப்படியிருந்தும் சேருகிறார்களே, செய்தி அதுதான் ஐயா.

காரணமும் மோகம் அல்ல. டி.ஓ. கல்லூரிகள் பெருகிவிட்டன, இன்று இங்கே மருத்துவம் படிக்கும் நால்வரில் ஒருவர் டி.ஓ. மாணவர். அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது சங்கக் கூட்டத்தில் பெயர் அட்டைகளைப் பார்த்தாலே தெரியும். அவர்களுடைய அம்மாக்கள், உங்கள் வாசகிகள்தான், இரவு பத்து மணிக்கு மேல் என்னை அழைக்கிறார்கள். “அவனுக்கு டி.ஓ.லதான் இடம் கிடைச்சிருக்கு, நல்லதுதானே அக்கா?” என்கிறார்கள். நல்லதுதான் என்று அரை மணி நேரம் சொல்கிறேன். வைக்கும்போது, “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா.” அந்த அம்மாக்கள் உங்கள் நான்காவது வரியையும் படித்திருப்பார்கள்.

மறுப்பு வெளியிடுங்கள் என்று கேட்கவில்லை. வெளியிட்டால் அதிலும் ‘எலும்பு’ வந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. ஒரே ஒரு விண்ணப்பம். உங்கள் கடைசிப் பக்க விளம்பரப் பட்டியலில் மூன்று வருடமாக என் பெயர் ‘இயற்கை வைத்தியம் மற்றும் மசாஜ்’ என்ற தலைப்பின் கீழ் வருகிறது. அடுத்த இதழிலாவது அதை ‘குடும்ப மருத்துவர்’ என்ற தலைப்புக்கு மாற்றுங்கள். சந்தாவும் விளம்பரக் கட்டணமும் வழக்கம்போல் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு குடும்ப மருத்துவர், டி.ஓ.
(அச்சுப் பிழை அல்ல)
மிட்வெஸ்ட், அமெரிக்கா