குப்பை போட்டதற்கு அபராதம் போதாது. நஞ்சைக் கொட்டியதற்கு வழக்கு வேண்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கழிவு மேலாண்மைக்கும் சுற்றுச்சூழல் சட்ட அமலாக்கத்துக்கும் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சாட்ஸ்வொர்த்தில், உம்லத்துசானா ஆற்றை நோக்கி இறங்கும் சரிவில், எங்கள் தெரு முடியும் இடத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிப்ரவரி முதல் மூன்று முறை புகார் கொடுத்திருக்கிறோம். அந்த மூன்று புகார் எண்களும் உங்கள் கணினியில் இருக்கின்றன. என் வீட்டு நாட்காட்டியின் ஓரத்திலும் இருக்கின்றன. இரவில் பக்கி என்னும் சிறு சரக்கு வண்டி ஒன்று வந்து, மருத்துவக் கழிவு அடைத்த சிவப்புப் பைகளையும் மஞ்சள் ஊசிப்பெட்டிகளையும் சரிவில் உருட்டிவிட்டுப் போகிறது என்பதை, வண்டியின் எண்ணோடு சேர்த்தே உங்களுக்குத் தெரிவித்திருந்தோம்.

ஆகவே அந்தக் கதையை விட்டுவிட்டு, பெரிய வெள்ளிக்கு முந்தைய நாள் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். மாரியம்மன் திருவிழாவுக்காக, இங்கே வேப்பிலைக்குப் பதிலாக நாங்கள் பயன்படுத்தும் சிரிங்கா இலையைப் பறித்துவர என் ஒன்பது வயதுப் பேரன் சரிவில் இறங்கினான். விரதம் என்பதால் காலில் செருப்பு இல்லை. திரும்பி வந்தபோது இலையும் கையில் இருந்தது, குதிகாலில் ஊசியும் இருந்தது. அதைத் தானே பிடுங்கி எறியாமல், யாரோ சொல்லிக் கொடுத்ததுபோல் அப்படியே நொண்டிக்கொண்டு வந்து, வாசற்படியில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டான்.

அந்த ஊசி யாருக்குப் போட்டது என்று மருத்துவமனையில் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல எங்களுக்கு வழி ஏது? யாருடையது என்று தெரியாத ஊசியை நோய்த்தொற்று உள்ள ஊசியாகத்தான் அவர்கள் கருதவேண்டியிருக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாட்கள் விடாமல் கொடுக்க வேண்டும், ஆறாவது வாரத்திலும் மூன்றாவது மாதத்திலும் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆபத்து மிகச் சிறியது என்றும் மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். சிறியது என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பிவிடலாம். அந்தச் சொல்லோடு இரவைக் கழிப்பது வேறு விஷயம். என் மருமகள் குளிர்பெட்டியின் கதவில் 28 கட்டங்கள் வரைந்து ஒட்டினாள். மருந்து கொடுத்த பிறகு ஒரு கட்டத்தை அடிப்பாள்; முதல் வாரம் முழுக்க, அடித்த சற்று நேரத்தில் பையன் வாந்தியெடுப்பான். பத்தாம் நாளோ என்னவோ, அவன் தன் தம்ளரை மட்டும் தனியாகக் கழுவிச் சன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைப்பதைப் பார்த்தேன். தங்கை எடுத்துக் குடித்துவிடக் கூடாதாம். ஒரே தம்ளரில் குடிப்பதால் அந்த நோய் தொற்றாது என்று எத்தனை முறை சொல்லியும், அந்தத் தம்ளர் இன்றுவரை சன்னல் ஓரத்தில்தான் இருக்கிறது.

இரண்டு மாதங்களாக வராத உங்கள் வண்டி, ஊசி ஏறிய மறுநாள், விடுமுறை நாளென்றும் பாராமல், காலை ஏழு மணிக்கே வந்தது. அதற்கு நன்றி சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? சாதாரணத் தோட்டக் கையுறைகளோடு இறங்கி, பைகளையும் பெட்டிகளையும் கறுப்புக் குப்பைப் பைகளில் வாரிப் போட்டு, ஒரு மணி நேரத்தில் சரிவைத் துடைத்துவைத்தாற்போல் ஆக்கிவிட்டுப் போனார்கள். அந்தப் பெட்டிகளில் ஒட்டியிருந்த சீட்டுகளும் அவற்றோடு போயின. இடம் சுத்தமானது, தடயமும் சுத்தமானது. அடுத்த வாரம் நான் தொலைபேசியில் கேட்டபோது, வண்டிக்காரருக்குக் குப்பை போட்டதற்கான ஸ்பாட் ஃபைன், அதாவது உடனடி அபராதம், விதித்தாகிவிட்டது, கோப்பு மூடப்பட்டுவிட்டது என்றார்கள்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இம்மடலை எழுதுகிறேன். சட்டம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. இருந்தாலும், ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற பழக்கத்தால் பாடத்தை ஒருமுறை திருப்பிச் சொல்ல அனுமதியுங்கள். 2008-ஆம் ஆண்டின் 59-ஆம் எண் கழிவுச் சட்டத்தில் குப்பை எறிவதைப் பற்றியது 27-ஆம் பிரிவு. அனுமதியில்லாத இடத்தில் கழிவைக் கொட்டுவதையும், தெரிந்தோ கவனக்குறைவாலோ கொட்ட விடுவதையும் தடை செய்வது 26-ஆம் பிரிவு. வாழைப்பழத் தோலைத் தெருவில் போட்டவனும், நோயாளியின் உடம்பில் ஏறிய ஊசிகளைக் குழந்தைகள் நடமாடும் சரிவில் கொட்டியவனும் ஒரே தராசில் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டு பிரிவுகள் வைத்தார்கள். 26(1)-ஐ மீறியவருக்கு 68-ஆம் பிரிவு ஒரு கோடி ராண்ட் வரை அபராதமோ, பத்தாண்டு வரை சிறையோ, இரண்டும் சேர்த்தோ விதிக்க இடம் தருகிறது. மருத்துவக் கழிவு அபாயகரமானதா என்று ஆராய்ந்துகொண்டிருக்கவும் தேவையில்லை. 2013-இல் வந்த கழிவு வகைப்பாட்டு விதிகளே அதை அபாயகரமான கழிவுகளின் பட்டியலில் வைத்துவிட்டன.

அதே விதிகளின்படி, அபாயகரமான கழிவு ஓரிடத்தை விட்டுக் கிளம்பும்போது அதனோடு ஒரு பயணச் சீட்டும் கிளம்ப வேண்டும்: யார் அனுப்பினார், யார் ஏற்றிச் சென்றார், யார் வாங்கிக்கொண்டார் என்று மூவரும் எழுதி வைக்க வேண்டும். ஆகவே, இந்த ஊசிகளை அனுப்பிய மருத்துவமனையையோ ஆய்வகத்தையோ கண்டுபிடிப்பது குறி பார்த்துச் சொல்லும் வேலை அல்ல. ஏடுகளைப் புரட்டும் வேலை. சீட்டுகள் ஒட்டிய நான்கு பெட்டிகளின் புகைப்படங்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் எண்கள் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றை மூன்றாவது புகாரோடு இணைத்திருந்தேன். யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

பக்கி ஓட்டி வந்தவர் ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு வந்தவர் என்று கேள்விப்படுகிறேன். அவர் செய்தது குற்றமே. ஆனால் மருத்துவக் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கட்டணம் கட்ட வேண்டும். சரிவில் கொட்டினால் டீசல் செலவு மட்டும். அந்த வித்தியாசம் யார் பைக்குள் போனதோ, அவரை உங்கள் ஸ்பாட் ஃபைன் தொடவே இல்லை. அம்பை ஒடித்துவிட்டு எய்தவனை விட்டுவிட்டீர்கள் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நிறுவனம் தவறு செய்தால், தடுக்க வேண்டியதைத் தடுக்காத இயக்குநர்களும் தனிப்பட்ட முறையில் பதில் சொல்ல வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்கிறது. அதே சட்டத்தில், தண்டனைக்கு வழிசெய்யும் தகவல் தந்தவருக்கு அபராதத்தில் நான்கில் ஒரு பங்கு வரை கொடுக்கலாம் என்றும் இருக்கிறது. எனக்கு அந்தப் பங்கு வேண்டாம். எனக்கு வேண்டியது ஒரு வழக்கு எண்: 26-ஆம் பிரிவின் கீழ், கழிவை உண்டாக்கியவர் வரை செல்லும் வழக்கு எண்.

தண்டனை சிறியதாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த மாகாணத்துக்குப் பாடம் ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. கேட்டோ ரிட்ஜ் பாதரச ஆலையில் தொழிலாளர்கள் நஞ்சேறி இறந்த பிறகு, 1995-இல் அந்த நிறுவனம் கட்டிய அபராதம் 13,500 ராண்ட். வெளிநாடுகளிலிருந்து கொண்டுவந்த பாதரசக் கழிவோ, அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் அங்கேயே கிடந்தது. 2021 ஜூலைக் கலவரத்தில் கார்னூபியாவின் பூச்சிமருந்துக் கிடங்கு எரிந்து, நஞ்சு ஓஹ்லாங்கா ஆற்றின் வழியே கடலுக்கு ஓடியபோது, கடற்கரைகளை மூடினீர்கள். மீன்களுக்கும் நண்டுகளுக்கும் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க முடியவில்லை. நாங்கள் தண்ணீர்க் கட்டணத்தை ஒரு மாதம் தாமதித்தால் மட்டும் சிவப்பு எழுத்தில் அறிவிப்பு தவறாமல் வீடு தேடி வருகிறது. அந்த அறிவிப்பை அனுப்பும் ஊழியரை ஒரு வாரத்துக்கு இந்தப் பிரிவுக்கு மாற்றிக் கொடுத்தால்கூடப் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் தந்தையார் டர்பன் கார்ப்பரேஷனில் துப்புரவுத் தொழிலாளி. கார்ப்பரேஷன் தொழிலாளர்களின் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் பிறந்து, 1960-களில் இங்கே கொண்டுவந்து குடியேற்றப்பட்ட பிள்ளைகளில் நானும் ஒருவன். அந்த நாளில் எங்கள் தகப்பன்மார் மற்றவர்களின் கழிவைத் தலையில் சுமந்தார்கள். வண்டியிலிருந்து ஒரு கூடை வழியில் சிந்தினால் அன்றைய கூலி போகும், யாரும் புகார் எண் கொடுத்துக் காத்திருக்கச் சொல்லவில்லை. இதைக் கசப்பில் எழுதுகிறேன் என்று நீங்கள் நினைத்தால், அது சரிதான்.

பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னிக்கவும். உடல்நலத்துக்குத் தீங்கில்லாத சூழலில் வாழும் உரிமையை அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவு எல்லோருக்கும் தருகிறது. தனியார் வழக்குத் தொடரவும் சட்டத்தில் வழி இருக்கிறது என்கிறார்கள். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவன் வழக்கறிஞர்களுக்குக் கொடுக்க எங்கே போவான்? அந்த வேலைக்காகத்தான் நீங்கள் இருக்கிறீர்கள். பத்திரிகைகள் பச்சைத் தேள்கள் என்று அழைக்கும் சுற்றுச்சூழல் ஆய்வாளர்களிடம் இந்தக் கோப்பு இன்னும் போய்ச் சேரவேயில்லை என்று அறிகிறேன். தயவுசெய்து மூடிய கோப்பைத் திறந்து, குப்பை எறிந்ததற்கான அபராதத்தோடு நின்றுவிடாமல், 26-ஆம் பிரிவின் கீழ் குற்ற வழக்காகப் பதிவு செய்து, அதை அவர்களிடம் ஒப்படைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். புகைப்படங்களையும் பெட்டி எண்களையும் எந்த நாளில் அழைத்தாலும் நேரில் கொண்டுவந்து தருவேன். வண்டியைக் கண்ணால் பார்த்த அண்டை வீட்டாரும் வாக்குமூலம் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்.

பேரனுக்கு ஆறாவது வாரப் பரிசோதனையில் குறையொன்றும் இல்லை. மூன்றாம் மாதப் பரிசோதனை ஜூலையில் வருகிறது. அதற்கு முன்பாக வழக்கு எண்ணைத் தெரிவித்தால், நாட்காட்டியின் ஓரத்தில் அந்த மூன்று எண்களுக்குக் கீழே அதையும் எழுதிவைப்பேன்.

இப்படிக்கு,
சரிவின் மேல் வீட்டுக்காரன்,
சாட்ஸ்வொர்த்