லீவு நாள்களைக் கவனி

புதுச்சேரி

அன்புள்ள மல்லிகா,

கடலூரில் பட்டாளத்து வீட்டுப் பெண்களுக்கு மனநல ஆலோசனை சொல்ல மாதம் ஒரு ஞாயிறு உட்காரப்போகிறாய் என்று படித்ததும் சந்தோஷம். அவர்களிடம் கேட்க நீ எழுதி அனுப்பிய கேள்வித்தாளைப் பார்த்தேன்.

முதல் கேள்வியை எடுத்துவிடு. "மனக்கஷ்டம் இருக்கா?" என்றால் நம் பக்கத்தில் யார் ஆமாம் என்பார்கள்? தலைவலி, படபடப்பு, சோறு இறங்கல என்றுதான் வருவார்கள். தூக்கத்தைக் கேள்: எப்போது படுக்கிறாள், எப்போது முழிப்பு வருகிறது. விடியற்காலை மூணு மணிக்கே முழிப்பு, எதிலும் பிடிப்பில்லை, இப்படியே இரண்டு வாரம் ஓடியிருந்தால் பேச்சோடு நிறுத்தாதே, மருத்துவரிடம் அனுப்பு. "சாகணும்னு தோணுதா?" என்பதையும் நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

புருஷன் எல்லையில் இருக்கும் மாதங்களைத்தான் எல்லோரும் கஷ்டகாலம் என்கிறார்கள். எனக்கென்னவோ லீவுதான் சிக்கல். ஜவானுக்கு வருஷ லீவு 60 நாள். முதல் வாரம் கறிச்சோறும் உறவுக்கூட்டமுமாகப் போய்விடும். அப்புறம்தான் ஆரம்பம். பத்து மாதமாக பேங்க், சிலிண்டர், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் தனியாளாகப் பார்த்தவளிடமிருந்து ஏடிஎம் கார்டு அவர் சட்டைப்பைக்குப் போகும். குழந்தை அப்பாவிடம் ஒட்டாது. அதற்கும் இவள்மேல்தான் பழி. கிளம்பும் வாரத்தில் ஒன்றுமில்லாததற்குச் சண்டை. பிரியப்போகிற வேதனைதான் பலருக்கும் இப்படிக் கோபமாக வெளிப்படும். இதை முன்னாலேயே சொல்லிவை. எந்தச் செலவு யார் கையில் என்று அவர் லீவுக்கு வண்டி ஏறுமுன் போனிலேயே பேசிக்கொள்ளட்டும்.

"ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடறேன்" என்று அவர் வாக்குக் கொடுப்பதும் வேண்டாம். சிக்னல் இல்லாத ஒரு நாள் போதும், விடியும்வரை வாட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது வந்தார் என்றே பார்த்துக்கொண்டிருப்பாள். "சிக்னல் கிடைக்கிறப்போ" என்பதே நல்லது.

நீ அவளிடம் போனில் பேசும்போது மாமியார் பக்கத்து அறையில் இருப்பார் என்றே வைத்துக்கொள். ஆமாம், இல்லை என்று சொல்லக்கூடிய கேள்வியாகக் கேள். "ரேஷனுக்கு அப்புறம் போறேன்" என்று அவள் சொன்னால் யாரோ வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். முதல் நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

தான் சிகிச்சைக்குப் போனால் புருஷன் வேலைக்குப் பாதகம் வருமோ என்று பயப்படுவார்கள். ராணுவத்தில் பார்ப்பது அவருடைய மருத்துவத் தகுதியை. இவள் சிகிச்சையை அல்ல. 2017 மனநலச் சட்டத்தில் ரகசியக் காப்பும் உண்டு, உயிராபத்து போன்ற சில விலக்குகளோடு.

ராத்திரி அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. தமிழில் பேசலாம், காசில்லை. படையினருக்கும் குடும்பத்துக்கும் என்றே 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தனிப் பிரிவு தொடங்கினார்கள். நேரில் காட்ட இங்கே கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது.

மன அழுத்த மாத்திரை வேலைசெய்ய இரண்டிலிருந்து நாலு வாரம், சிலருக்கு ஆறு வாரமும் ஆகும். முதல் வாரம் குமட்டல்தான் தெரியும். பத்தாம் நாள் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்த வாரம் ஒரு போன் போட்டுக் கேள்.

தாளைத் திருத்தி அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
சுமதி