பாபிலோனுக்குப் போன கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெள்ளவத்தையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில் நீ சொன்னது இந்த வாரம் முழுவதும் என் காதில் கிடக்கிறது. "அக்கா, எனக்கு வந்த வசனம் பொய்த்துவிட்டது." நான் வாயைத் திறப்பதற்குள் 100ஆம் இலக்க பஸ் வந்துவிட்டது. சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

வருடப் பிறப்பு ஆராதனையில், அந்த வருடத்துக்கென்று ஒரு வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை நீ எடுத்தபோது உன் பக்கத்தில்தான் நின்றேன். எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." உனக்குக் கண் கலங்கிவிட்டது. கனடா விசா இந்த வருடம் வந்துவிடும் என்று அன்றிரவே இருவரும் மனதுக்குள் எழுதி முடித்துவிட்டோம். வரவில்லை. உன் கணவர் அங்கே, நீ இங்கே ஓர் அனெக்ஸ் அறையில், இது நான்காவது வருடம். சபையில் யாராவது தனக்குக் கிடைத்த நன்மையைச் சாட்சி சொல்ல எழுந்தால் நெஞ்சு எரிகிறது என்றாய். முழங்காலில் நின்றாலும் ஜெபம் வருவதில்லை என்றாய்.

அந்த வசனத்தை அட்டையில் விட்டுவிட்டு, வேதாகமத்தில் அது இருக்கும் இடத்துக்கு வா. கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ஒரு கூட்டத்தைப் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போனான். அவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம்தான் அந்த அதிகாரம். இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று அறிவித்திருந்தான். அது முந்திய அதிகாரத்தில் இருக்கிறது. கேட்க எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும்! எரேமியாவோ 70 வருடம் என்று எழுதினார். உன் வசனத்துக்கு நேர் முந்திய வசனம் அதுதான். அந்தக் கடிதம் வாசிக்கப்படுவதைக் கேட்ட வளர்ந்தவர்களில் மிகப் பலர் ஊர் திரும்பவே இல்லை. "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று கர்த்தர் அவர்களிடமும்தான் சொன்னார்.

அப்படியானால் நடுவிலுள்ள வருடங்களை என்ன செய்வது? வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்கிறது கடிதம். பிடித்துக்கொண்டு போனவனின் பட்டணத்துக்காக ஜெபம்! இதை முதலில் வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

1995 ஒக்டோபர் கடைசியில் யுத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்ட அந்த மழை இரவில் எங்கள் வீடும் வெளிக்கிட்டது. அடுத்த வருடம் கொழும்புக்கு வந்து சேர்ந்தோம். என் அம்மா இரண்டு டிரங்குப் பெட்டிகளைத் திறக்கவே விடவில்லை. "போகத்தானே போகிறோம்" என்பார். தேநீர்க் கோப்பை கூட இரவல். நீயும் உன் அறையில் இன்னும் திரைச்சீலை போடவில்லை என்று சொன்னபோது எனக்கு அந்தப் பெட்டிகள்தான் கண்ணில் நின்றன. பிறகு ஒருநாள் அம்மா பழைய பெயின்ட் வாளி ஒன்றில் கறிவேப்பிலைக் கன்று வைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அதே கிழமையில் வீட்டு ஜெபத்தில் கொழும்புக்காக முதல் முறை ஜெபித்தார். ஊர் நினைவு அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. ஆனாலும் இந்த நகரத்தில் அவர் வாழத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

பொறாமையைப் பற்றி வெட்கப்படாதே. ஆசாப் 73ஆம் சங்கீதத்தில் "பொறாமைகொண்டேன்" என்று அறிக்கையிடுகிறார், கால் சறுக்கப் பார்த்தது என்கிறார். ஆராதனையில் பாட்டுக்காரராக நின்றவர் அவர். அவர் பொறாமைப்பட்டது துன்மார்க்கரைப் பார்த்து. உனக்கு எரிவது நல்லவர்களுக்கு நடந்த நன்மையைக் கேட்டு. அது இன்னும் கடினம் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் ஆசாப் அதைத் தேவனிடமே கொண்டுபோய்ச் சொன்னார். நீயும் அவரிடமே சொல்.

ஜெபம் வராத இரவுகளில் 88ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசி. கடைசி வரிவரை விடியாத சங்கீதம் அது. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று முடிந்துவிடுகிறது. அதை எழுதியவரும் "இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்றுதான் தொடங்குகிறார். சொந்த வார்த்தை கிடைக்கும்வரை அவருடைய வார்த்தையைக் கடன் வாங்கிக்கொள். நான் அம்மாவை அடக்கம்பண்ணிய பிறகு பல மாதம் அப்படித்தான் ஜெபித்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வா. அந்த 29ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து இருவருமாக வாசிப்போம். அட்டையையும் கொண்டு வா, எறிந்துவிடாதே. அம்மாவின் கறிவேப்பிலை வேரிலிருந்து கன்றுகள் வெடித்திருக்கின்றன; ஒன்றை உனக்காகச் சாடியில் பிரித்து வைத்திருக்கிறேன். உன் அறை யன்னலில் காலை வெயில் படும்தானே?

அன்புடன்,
அக்கா